உபவாசப் பட்டியலில் உன் மனைவியின் பெயர்

என் மகனே,

ஒரே வீட்டில் மாடியில் நீயும் கீழே நானுமாக இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். படியேறி வந்து சொல்லியிருக்கலாம்தான். ஆனால் நான் திருத்த நினைக்கும் கதையை உன் அப்பா யாரிடமும் தனியாகச் சொல்லவில்லை. மைக் முன்னால் நின்று, இருபத்தாறு வருடங்களாக, நம் சபையிலும் பக்கத்துச் சபைகளிலும் சொல்லி வந்திருக்கிறார். நானும் முன்வரிசையில் முக்காடு போட்டு உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். ஊரறியச் சொன்னதைக் காதோடு காதாகத் திருத்த முடியாது. அதனால் நீ படிக்கும்போது மற்றவர்களும் படிக்கட்டும் என்றே இதை எழுதுகிறேன். கோபம் வந்தால் வரட்டும். கடைசிவரை படித்துவிட்டுக் கோபப்படு.

செவ்வாய்க்கிழமை காலையில் வாலிபர் குழுவின் வாட்ஸப்பில் நீ ஒரு பட்டியல் போட்டாய். இந்த வார வாலிபர் முகாமின் இரண்டாம் நாளான சனிக்கிழமை, காலையிலிருந்து மூன்று மணிவரை தண்ணீரும் குடிக்காமல் உபவாசம் இருக்க ஒப்புக்கொடுத்தவர்களின் பட்டியல். எட்டாவது பெயர் பிரின்ஸி. பக்கத்தில் 'கைக்குழந்தையுடன்' என்று எழுதி, கூப்பிய கை இரண்டு போட்டிருந்தாய். அதற்குக் கீழே வரிசையாக ஸ்தோத்திரம், ஆமென். யாரோ ஒருவர் 'மாமியார் வழியில் மருமகள்' என்று எழுதியிருந்தார். அந்த வரியைப் படித்ததும் கைப்பேசியோடு சமையலறைக்குப் போனேன்.

பிரின்ஸி அங்கே தரையில் உட்கார்ந்து பாப்பாவுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். மடியில் ஐந்து மாதக் குழந்தை, ஒரு கையில் இட்லி. "பேரு குடுத்தியாம்மா?" என்று கேட்டேன். "எதுக்கு அத்தை?" என்றாள். கைப்பேசியைக் காட்டினேன். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அவரே போட்டுட்டாரு போல" என்றாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள். "நீங்க மூணு மாசப் புள்ளய வச்சுக்கிட்டு உபவாசம் இருந்தீங்கள்ல அத்தை? எப்படித் தாங்குனீங்க? எனக்கு ஒரு மணி நேரம் தண்ணி குடிக்கலைன்னாலே நாக்கு ஒட்டிக்கிருது. எனக்கு விசுவாசம் பத்தல போல." குழாயைத் திறந்து, ஏற்கெனவே கழுவி வைத்திருந்த தட்டுகளை மறுபடி கழுவினேன். அந்தப் பெண் தன் விசுவாசத்தின் மேல் சந்தேகப்பட்டுக்கொண்டு என் முதுகைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அப்போதே முடிவு செய்தேன்.

உன் அப்பா மைக்கில் சொல்லும் சாட்சி உனக்கு மனப்பாடம். மேலூருக்கு அப்பால் ஒரு பள்ளி விடுதியில் மே மாத முகாம். வாலிபர் செயலரின் மனைவி, அதாவது நான், மூன்றரை மாதப் பிள்ளையோடு உபவாசம் இருந்தாள். துளித் தண்ணீர் குடிக்கவில்லை. வெயிலில் பெரியவர்களே வாடிப்போன மத்தியானத்தில் பிள்ளை அழவே இல்லை. மூன்று மணிக்குப் பார்த்தால் கன்னம் பூரித்துச் சிரித்தது. கர்த்தரே அந்தக் குழந்தையைப் போஷித்தார். சபையில் வயதானவர்கள் உன்னை 'உபவாசப் பிள்ளை' என்று கூப்பிடுவார்கள். சின்ன வயதில் அதைக் கேட்டு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடப்பாய். இப்போது நடந்ததைச் சொல்கிறேன்.

கைக்குழந்தையோடு முகாமுக்குப் போனது தவறு என்று நான் சொல்லவில்லை. என்னை யாரும் இழுத்துக்கொண்டு போகவும் இல்லை. எனக்கு இருபத்திரண்டு வயது. கல்லூரியை முடித்த கையோடு கல்யாணம், அடுத்த வருடமே நீ. பழங்காநத்தத்து வாடகை வீட்டின் பின்னறையில் மூன்று மாதம், ஜன்னலைக் கூடத் திறக்காதே, காற்று படும் என்று அடைத்து வைத்திருந்தார்கள். பாடுவதற்கும், வயதொத்த பெண்களோடு சிரிப்பதற்கும் நான் ஏங்கிப்போயிருந்தேன். கமிட்டியில் ஒருவர், "கைப்பிள்ளைய வச்சுக்கிட்டு முகாமா? வேண்டாமே தம்பி" என்று உன் அப்பாவிடம் சொன்னார். "வரட்டும் அண்ணே. நாலு பேருக்குச் சாட்சியா இருக்கும்" என்று அவர் பதில் சொன்னபோது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. நான் பாட்டுப் பாடப் போகிறேன் என்று நினைத்திருந்தேன். சாட்சியாகப் போகிறேன் என்பதன் பொருள் அப்போது புரியவில்லை.

முதல் நாளே, ஹாலுக்குள் பால் கொடுக்க வேண்டாம், பையன்கள் இருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டார்கள். விளையாட்டுச் சாமான் வைக்கும் அறையை எனக்கு ஒதுக்கினார்கள். உடைந்த பெஞ்சு, மட்கிய வலை, மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை. ஒவ்வொரு தடவையும் பாதிப் பாட்டில் எழுந்து அங்கே போய் வியர்த்து வழிய உனக்குப் பால் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தால், பாட்டு முடிந்து செய்தி ஆரம்பித்திருக்கும். வேன் பயணமோ வெயிலோ, அன்று நீ மூன்று தடவை இளக்கமாகப் போயிருந்தாய். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால், அப்போதே சொன்னோமே என்பார்கள் என்ற பயம்.

இரண்டாம் நாள் காலை ஆராதனையில் ஒரு அட்டைப் பெட்டி சுற்றி வந்தது. உபவாசம் இருக்கிறவர்கள் பெயரைச் சீட்டில் எழுதிப் போட வேண்டும். போதகர் அவற்றைப் பலிபீடத்தருகே வைத்து ஒவ்வொன்றாக வாசிப்பார். நம் சபை முகாம்களில் இன்றுவரை இருக்கும் வழக்கம்தான். பெட்டிக்குப் பதில் நீ வாட்ஸப்பை வைத்திருக்கிறாய். நான் சீட்டு எழுதவில்லை. நீ மடியில் இருந்தாய், கையில் பேனாவும் இல்லை. ஆனால் உன் அப்பாவின் பெயருக்கு அடுத்து என் பெயர் வாசிக்கப்பட்டது. திரும்பிப் பார்த்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். "கைக்குழந்தையோட ஒரு தாய்!" என்று போதகர் நிறுத்திச் சொன்னார். ஹாலில் இருந்த அத்தனை தலைகளும் என் பக்கம் திரும்பின.

எழுந்து, "நான் எழுதல ஐயா, என்னால முடியாது" என்று சொல்ல ஒரு நிமிடம் போதும். சொல்லவில்லை. பயத்தினால் என்று வெகுகாலம் எனக்கே சொல்லி வந்தேன். அது பாதி உண்மை. மீதிப் பாதி, அத்தனை கண்களும் என்னைப் பார்த்தது எனக்குப் பிடித்திருந்தது. மூன்று மாதமாக யாரும் திரும்பிப் பார்க்காத ஒருத்தியை அந்த ஒரு நிமிடம் எல்லோரும் பார்த்தார்கள். பாலூட்டிகளைப் பற்றிக் கல்லூரித் தேர்வில் பக்கம் பக்கமாக எழுதியவள் நான். தாய் நீர் குடிக்காவிட்டால் என்ன ஆகும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தெரிந்துகொண்டேதான் சும்மா இருந்தேன்.

பதினொரு மணிக்கு மார்பு பிழிந்த துணிபோல் ஆகிவிட்டது. நீ கவ்வுவாய், இழுப்பாய், ஒன்றும் வராமல் தலையைத் திருப்பிக் கத்துவாய். ஹாலின் கடைசியில் நான் உன்னைத் தோளில் போட்டு ஆட்டிக்கொண்டு நின்றபோது கமிட்டிக்காரர் ஒருவரின் மனைவி வந்து, "தியானத்தக் கெடுக்கத்தான் பிசாசு புள்ளய அழவைக்கிறான். ஜெபிப்போம்" என்று உன் நெற்றியில் கைவைத்து ஜெபித்தார். நீ இன்னும் பலமாக அழுதாய். "கொஞ்சம் வெளிய தூக்கிட்டுப் போம்மா" என்றார். அந்த அறைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். அங்கே ஒரு மணி நேரம் போல அழுதிருப்பாய். பிறகு அழுகை நின்றது. நான் கண்ணை மூடி நன்றி சொன்னேன். என் வாழ்க்கையில் நான் செய்த ஆகப் பெரிய தவறு, உன் அழுகை நின்றதற்காக நன்றி சொன்னதுதான். அங்கே ஹாலில் உன் சத்தம் கேட்காததால், ஜெபம் கேட்கப்பட்டது என்று அவர்களும் நன்றி சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

அந்த அறைக்குப் பின்னால்தான் சமையல் கூடம். மூன்று மணிச் சாப்பாட்டுக்கு வேலை நடந்துகொண்டிருந்தது. சமையல்காரரோடு பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்திருந்த பெண்களில் ஒருத்திக்குப் பஞ்சவர்ணம் என்று பெயர். என் வயதுதான் இருக்கும். அவளும் கைக்குழந்தையோடு வந்திருந்தாள். புங்கமரக் கிளையில் சேலைத் தொட்டில் கட்டி அதில் மகளைப் போட்டுவிட்டு, காய் நறுக்குவதும் ஓடிவந்து பால் கொடுப்பதுமாக இருந்தாள். அவளை யாரும் எங்கேயும் போகச் சொல்லவில்லை, சாட்சி என்றும் சொல்லவில்லை. தண்ணீர் எடுக்க என் அறை வாசல் குழாய்க்கு வந்தவள் எட்டிப் பார்த்தாள்.

"என்னக்கா, புள்ள மொகம் வாடிக் கெடக்கு?"

"தூங்குறான்" என்றேன்.

குடத்தை வைத்துவிட்டு வந்து குத்தவைத்து உட்கார்ந்தாள். உன் உதட்டைத் தொட்டாள், உச்சந்தலையைத் தடவினாள். "இது தூக்கமில்லக்கா. உச்சி பள்ளமா உள்ள போயிருக்கு பாருங்க. துணி எப்ப மாத்துனீக?"

"காலையில."

"அப்பருந்தா நனைக்கல?"

தொட்டுப் பார்த்தேன். வெயிலில் உலர்த்தி எடுத்ததுபோலக் காய்ந்திருந்தது.

"நீங்க என்ன சாப்ட்டீக?"

"இன்னிக்கு உபவாசம்."

அவள் சிரித்துவிட்டாள். "பாலு குடுக்குறவளுக்கு என்னக்கா உபவாசம்? எங்க மாரியாத்தா கூடப் பச்ச ஒடம்புக்காரிகிட்ட இம்புட்டுக் கேக்க மாட்டா." பிறகு சிரிப்பை நிறுத்தி, "குடுங்க இங்க" என்றாள். நான் கொடுத்தேனா அவளே எடுத்துக்கொண்டாளா, நினைவில்லை. சேலையை விலக்கி உன்னை மார்போடு சேர்த்தாள். கவ்வக்கூட உனக்குத் தெம்பில்லை. விரலால் பிழிந்து சொட்டுச் சொட்டாக உன் உதட்டில் விட்டாள். நாலாவது ஐந்தாவது சொட்டில் நாக்கு அசைந்தது. அப்புறம் கவ்விக்கொண்டாய். நீ விழுங்கும் சத்தம் அந்தச் சின்ன அறையில் கேட்டது. "இழுக்குறதப் பாரு. எம் மகளுக்குக் கொஞ்சம் மிச்சம் வையிடா மாப்ள!" என்றாள்.

அந்த நேரத்தில் நான் என்ன நினைத்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். அழுதேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். நான் அழவில்லை. அவள் கைகழுவினாளா என்று பார்த்தேன். சேலை சுத்தமா என்று பார்த்தேன். அதற்கும் அடியில், வாய்விட்டுக் கேட்க முடியாத வேறொரு கேள்வி இருந்தது. அவள் எந்தத் தெருக்காரி என்ற கேள்வி. செத்துக்கொண்டிருந்த பிள்ளைக்கு ஒருத்தி உயிர் கொடுத்துக்கொண்டிருக்கும்போது படித்த பெண்ணின் மனத்தில் அது ஓடியது. ஏதோ புரிந்ததுபோல அவள் என்னைப் பார்த்தாள். உன்னை என் மடியில் கிடத்திவிட்டு எழுந்தாள். போய் ஒரு செம்பில் உப்புப் போட்ட கஞ்சி கொண்டுவந்தாள். "குடிங்க. உங்க சாமி கேட்டா நாந்தான் குடுத்தேன்னு சொல்லுங்க." குடித்தேன். ஒரு செம்பு முழுவதும் குடித்தேன். மூன்று மணிக்குள் இன்னொரு தடவையும் உனக்குப் பால் கொடுத்தாள். அப்போது அவள் மடியிலேயே நனைத்தாய். "இந்தா, மழ பேஞ்சுருச்சு!" என்று சேலையை உதறினாள்.

மூன்று மணிக்கு மணி அடித்ததும் உன் அப்பா வந்தார். விழித்துச் சிரித்துக்கொண்டிருந்த உன்னைப் பார்த்ததும் அவர் கண் கலங்கிவிட்டது. அது நடிப்பில்லை, அதை நான் ஒத்துக்கொள்ள வேண்டும். உன்னைத் தூக்கிக்கொண்டு ஹாலுக்கு ஓடினார். மைக் முன்னால் உன்னை உயர்த்திப் பிடித்து, நீ இப்போது மனப்பாடமாகச் சொல்லும் அந்தச் சாட்சியை முதல் தடவையாகச் சொன்னார். கடைசியில் மேடையிலிருந்தே என்னைப் பார்த்து, "உண்மைதானே?" என்று கேட்டார். நான் தலையாட்டினேன். அதனால் இந்தப் பொய் உன் அப்பாவுடையது என்று நினைக்காதே. அவர் அன்று அறியாமல் சொன்னார். அறிந்தவள் நான்.

மறுநாள் காலை கிளம்பும்போது நடந்ததை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. வேனருகே கமிட்டிக்காரர்களின் மனைவிமார் என்னைச் சுற்றி நின்று உன்னைக் கொஞ்சிக்கொண்டிருந்தார்கள். சமையல் கூடத்துப் பக்கமிருந்து பஞ்சவர்ணம் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். "அக்கா, எம் மாப்ள எப்படி இருக்காரு? நல்லாக் குடிக்கிறாரா?" என்றாள். கொஞ்சிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள். "யாரும்மா இது? மாப்ளங்குறா?" என்று ஒரு அம்மா என்னைக் கேட்டார். "தெரியலக்கா. சமையலுக்கு வந்தவங்க போல. வேற யாரோன்னு நெனச்சுக் கேக்குறாங்க" என்றேன். முகத்தை வைத்த விதத்தில் எனக்குக் கொஞ்சமும் தடுமாற்றம் இல்லை. பஞ்சவர்ணம் சண்டை போடவில்லை. என்னை ஒரு நிமிடம் பார்த்தாள். குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு வந்த வழியே போனாள். நான் வேனில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டேன்.

ஒரு வாரம் கழித்துக் காய்ச்சலில் கிடந்தபோது மனம் தாளாமல் உன் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கஞ்சியையும் சேர்த்துச் சொன்னேன். பிறகு அவர் கேட்ட முதல் கேள்வி, "எந்த ஆளுக?" என்பது.

"கேக்கல" என்றேன்.

"கேக்காமயா குடுத்த?"

"புள்ள செத்துப்போயிருப்பான்."

"சரி, வெளிய வாயத் தொறக்காத. எங்க அம்மாவுக்குத் தெரிஞ்சா வீட்ட ரெண்டாக்கிரும். சபையிலயும் நம்மள என்ன நெனப்பாக?"

அடுத்த மாதம் பக்கத்துச் சபை வாலிபர் கூட்டத்தில் மறுபடியும் அந்தச் சாட்சியைச் சொன்னார். அது இரண்டாம் தடவை; எல்லாம் தெரிந்து சொன்னது. அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் கதைக்குச் சதை போட்டது. நான் கூட்டத்தில் கண்ணை மூடிக்கொள்வேன். எல்லோரும் நான் ஜெபிக்கிறேன் என்று நினைத்தார்கள். காய்ச்சலுக்குப் பின் என் பாலும் வற்றிவிட்டது. டப்பாப் பாலில்தான் வளர்ந்தாய். அதைச் சாட்சியில் யாரும் சேர்க்கவில்லை.

நீ கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கும்போது உன் சிநேகிதனின் அக்கா கல்யாணத்துக்குப் போனாய். பசியோடு திரும்பி வந்து தட்டெடுத்துப் போட்டு உட்கார்ந்தாய். "சாப்பாடு போடலையா?" என்று கேட்டேன். "போட்டாங்கம்மா. காலனிக்குள்ள பந்தி. அங்கெல்லாம் எப்படிச் சாப்பிடுறது?" என்றாய். வெகு இயல்பாகச் சொன்னாய். யாரையும் திட்டவில்லை, முகத்தைச் சுளிக்கவும் இல்லை. நான் குழம்பை ஊற்றினேன். என் கை அப்போது நின்றிருக்க வேண்டும். உன் உடம்பில் முதலில் தங்கிய உயிர் எங்கிருந்து வந்தது தெரியுமா என்று கேட்டிருக்க வேண்டும். "இன்னும் கொஞ்சம் சோறு வைக்கவா?" என்று கேட்டேன். பிள்ளைக்கு எதையெல்லாம் சொல்லாமல் விடுகிறோமோ அதையெல்லாம் சேர்த்துத்தான் ஊட்டி வளர்க்கிறோம். அன்று அது எனக்குத் தெரிந்தது; தெரிந்தும் ஊட்டினேன்.

அந்த வாரமே ஒரு நாள், நான் பாடம் நடத்தும் பள்ளிக்கு விடுப்புப் போட்டுவிட்டு மேலூர் பஸ் ஏறினேன். அந்த விடுதிக்குப் பக்கத்துக் கிராமத்தில் டீக்கடையில் நின்று பஞ்சவர்ணத்தைப் பற்றிக் கேட்டேன். கடைக்காரர், "எந்தப் பஞ்சவர்ணம்? தெருவுக்கு நாலு பேரு இருக்காகளே. புருசன் பேரு என்ன?" என்றார். தெரியவில்லை. "அப்பன் பேரு?" அதுவும் தெரியவில்லை. "சமையல் வேலைக்குப் போற பொண்ணு, அப்ப கைப்பிள்ளையோட இருந்துச்சு" என்றேன். "கல்லு குவாரிய மூடுனப்ப பாதிச் சனம் திருப்பூருக்குப் போயிருச்சும்மா. அம்புட்டுப் பேர எங்க போயித் தேடுவீக?" என்றார். உன்னைக் காப்பாற்றியவளை நான் அக்கறையாக ஒரு வார்த்தை விசாரித்திருந்தால் அவள் கணவன் பெயராவது தெரிந்திருக்கும். அவள் மகளின் பெயரைக்கூட நான் கேட்டு வைக்கவில்லை.

இதெல்லாம் பழைய கதை, இப்போது ஏன் என்று கேட்பாய். உன் அப்பாவும் அதையேதான் கேட்டார். புதன்கிழமை சாயங்காலம் இந்தக் கடிதத்தை எழுதப்போகிறேன் என்று அவரிடம் சொன்னேன். முகாமில் பேசுவதற்குக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "இம்புட்டு வருசம் கழிச்சா? பேரப்புள்ள எடுத்தாச்சு. இனிமே என்னத்துக்கு?" என்றார். "இன்னொருத்தி பேரு லிஸ்ட்டுல ஏறியிருக்கு" என்றேன். "அவ புருசன் பாத்துக்கிருவான்" என்றார். "என் புருசன் பாத்துக்கிட்ட மாதிரியா?" என்றேன். கண்ணாடியை எடுத்து மறுபடி மாட்டிக்கொண்டார். குறிப்புத் தாளை மடிக்கவில்லை.

ஆகவே உன்னிடம் சொல்கிறேன். உன் அப்பாவைவிட நீ நல்லவன். பாப்பாவுக்கு நீயே துணி மாற்றுகிறாய், பிரின்ஸிக்குக் காப்பி போட்டுக் கொடுக்கிறாய். அதனால்தான் எனக்குப் பயம். நல்லவன் செய்யும்போது தவறு தவறாகவே தெரிவதில்லை. அவள் பெயரை நீ எழுதியபோது உன் கை நடுங்கியிருக்காது. அவளைக் கௌரவப்படுத்துவதாகவே நினைத்திருப்பாய். ஒருத்தியின் பசியை அவளைக் கேட்காமல் எடுத்துக் கடவுளுக்குக் கொடுக்க உனக்கு உரிமை இல்லை. உன் பசியைக் கொடு. மூன்று மணிவரை இல்லை, மூன்று நாள்கூட இரு; நான் தடுக்க மாட்டேன். பிள்ளை பால் மறக்கும்வரை வருடாந்தரத் திருவிழாவுக்கு வரமாட்டேன் என்று வீட்டிலேயே இருந்துவிட்ட ஒரு தாயைப் பற்றி வேதாகமத்தில் நாம் எல்லோரும் வாசித்திருக்கிறோம். உன் இஷ்டப்படியே செய் என்று சொன்ன அவள் கணவனைப் பற்றியும் வாசித்திருக்கிறோம். எந்த முகாமிலும் யாரும் அந்த இடத்தைத் தியானத்துக்கு எடுத்து நான் கேட்டதில்லை.

'பேரை எடுத்துவிட்டால் நாலு பேர் என்ன நினைப்பார்கள்' என்று உனக்குத் தோன்றும். நினைப்பார்கள். அந்த நாலு பேருக்காகத்தான் நான் பஞ்சவர்ணத்தைத் தெரியாது என்றேன். அவர்களில் இரண்டு பேர் இறந்துவிட்டார்கள், ஒருவர் சபையை விட்டே போய்விட்டார், இன்னொருவருக்கு இப்போது நினைவு தப்பிவிட்டது. யாருக்காக வாயை மூடினேனோ அவர்களில் ஒருவர்கூட மிச்சமில்லை. மூடிய வாய் மட்டும் அப்படியே இருந்தது.

பிரின்ஸியிடம் நேற்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பாதியில் நிறுத்தி, "அப்ப நீங்களும் சாப்ட்டீங்களா அத்தை?" என்று கேட்டாள். "ஒரு செம்பு கஞ்சி" என்றேன். அவள் அழுதாள். அழுதுகொண்டே சிரித்தாள். முகாமுக்கு வரவில்லை என்று அவள் சொல்லவில்லை. அவளுக்கும் பாட வேண்டும், வெளியே வர வேண்டும், வயதொத்தவர்களோடு இருக்க வேண்டும். ஐந்து மாதமாக அந்த மாடியில்தானே இருக்கிறாள்.

அதனால் சனிக்கிழமை நாங்கள் மூன்று பேரும் வருகிறோம். நான் சோறும் ரசமும் முட்டையும் கட்டி எடுத்து வருவேன். தண்ணீர் இரண்டு பெரிய பாட்டில். பாப்பாவுக்குப் பசித்தால் ஹாலுக்குள்ளேயே, மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து பிரின்ஸி பால் கொடுப்பாள். யாராவது வந்து வெளியே போகச் சொன்னால் பதில் நான் சொல்லிக்கொள்கிறேன். உன் அப்பா சாட்சி சொல்ல எழுந்தால், அவர் முடிக்கும்வரை காத்திருந்து நானும் எழுவேன். "உண்மைதானே?" என்று இந்தத் தடவை அவர் கேட்க மாட்டார் என்று நினைக்கிறேன். கேட்காவிட்டாலும் சொல்வேன்.

பன்னிரண்டரை மணிக்கு அவள் சாப்பிடுவாள். நானும் அவளோடு சாப்பிடுவேன். நீ மேடையில் இருப்பாய், எல்லோரும் உன்னைத்தான் பார்ப்பார்கள். எங்களைப் பார்க்காததுபோல இருந்துவிடவும் உன்னால் முடியும். அது எவ்வளவு சுலபம் என்று எனக்குத் தெரியும். முடியாமல் போனால், இறங்கி வந்து எங்கள் பக்கத்தில் உட்கார். உனக்கும் சேர்த்துத்தான் கட்டுகிறேன்.

உன் அம்மா